பேரீச்சம்பழத்துக்குப் போன கட்டாரிகள்

பழைய இரும்பைக் கொடுத்தால் பேரீச்சம்பழம் கிடைக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தெருவில் கற்றுக்கொண்ட முதல் பொருளாதாரப் பாடம் இதுதான். ஓட்டை அண்டா, துருப்பிடித்த சைக்கிள் ரிம், தாத்தாவின் உடைந்த வெட்டுக்கத்தி எல்லாமே தராசில் ஏறினால் ஒன்றுதான். என்ன பொருள், யார் வைத்திருந்தது என்று பேரீச்சம்பழக்காரர் கேட்க மாட்டார். எத்தனை கிலோ என்றுதான் கேட்பார்.

1860களில் சென்னை மாகாண அரசாங்கம் தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதசாலையில் செய்ததும் இதே வேலைதான். நாயக்கர் காலம், மராட்டியர் காலம் என்று இருநூறு முந்நூறு வருடமாகச் சேர்ந்திருந்த வாள், ஈட்டி, கட்டாரிகளில் கொஞ்சத்தைத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பகுதியை உடைத்துப் பழைய உலோகமாக விற்றார்கள். பேரீச்சம்பழம்கூடக் கிடைக்கவில்லை!

அன்றைக்குத் தப்பிப் பிழைத்தவைதான் இன்று உலகம் முழுக்க "தஞ்சாவூர் கட்டாரி" என்ற பெயரில் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றைத் தேடித் தேடி வாங்க ஒரு கூட்டம் இருக்கிறது. அதிலும் ஒரு தனி ரகத்தினர் பிடிக்காகவே வாங்குபவர்கள். யாளி வைத்த பிடி, நாகம் படம் எடுத்தது போன்ற மூடி வைத்த பிடி, துளைவேலை செய்த பிடி என்று வகைக்கு ஒன்று வேண்டும். பத்து வகை வைத்திருப்பவருக்குப் பதினொன்றாவது கிடைக்காமல் தூக்கம் வராது. சேகரிப்பது தப்பில்லை. தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவரும் ஸ்டாம்ப் சேர்ப்பவரும் இருக்கிற நாட்டில் இவர்களும் இருந்துவிட்டுப் போகட்டும். கேள்வி வேறு. இவர்கள் "அபூர்வம்" என்று சொல்லி விலை வைக்கிறார்களே, அந்த அபூர்வம் எங்கிருந்து வந்தது?

முதலில் பிடியைப் பற்றிக் கொஞ்சம். மற்ற கத்திகளைப் போலக் கட்டாரிக்கு ஒற்றைக் கட்டைப் பிடி கிடையாது. இரண்டு குறுக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றின் இரு பக்கமும் மணிக்கட்டைத் தாண்டிப் பின்னால் நீளும் இரண்டு நீளக் கம்பிகள். குறுக்குக் கம்பியை விரல்களால் மடக்கிப் பிடித்தால் அலகு முஷ்டிக்கு நேர் முன்னால் நிற்கும். அதாவது குத்துவிடும் அசைவிலேயே குத்தலாம், முழுக்கையின் பலமும் முனைக்குப் போகும். போர்க்களம் மட்டுமில்லை, வேட்டையிலும் இதற்கு இடம் இருந்தது. வடக்கே ராஜபுத்திரர்கள் கட்டாரியோடு புலியை எதிர்கொண்டதைப் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே செய்த சில கட்டாரிகளின் அலகிலேயே வேட்டைக் காட்சிகளைச் செதுக்கியிருப்பார்கள்.

தெற்கே வந்தால் கதை மாறுகிறது. விஜயநகர, நாயக்கர் காலத்துக் கட்டாரிகளில் பிடியின் முன்னால் புறங்கையை மூடுகிற மாதிரி வளைந்த ஒரு தகடு இருக்கும். எதிராளியின் வாள் விரல்களில் இறங்காமல் இருக்க அது கவசம். அந்தத் தகட்டில்தான் கொல்லர்கள் தங்கள் திறமையை எல்லாம் காட்டினார்கள். கொடி, யாளி, பறவை, தாமரை மொட்டு என்று எஃகில் கோயில் தூண் செதுக்கியது போன்ற வேலை. பிறகு இந்தத் தகடு வழக்கொழிந்து, வடக்கத்திய மொட்டைப் பிடியே எங்கும் நின்றது. மூடி வைத்த கட்டாரியின் வழியில் வந்ததுதான் மராட்டியர்களின் 'பட்டா' என்கிற கைக்கவச வாள் என்று ஆயுத வரலாறு எழுதுபவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. தென்னிந்தியக் கட்டாரிகள் பலவற்றில் அலகு உள்ளூர் அலகே இல்லை. கப்பலில் வந்த ஐரோப்பிய வாள் அலகுகளை வெட்டி, பிடியின் முன்னால் இருக்கும் இலை வடிவப் பட்டையில் ரிவிட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அலகு ஐரோப்பாவில் செய்தது, பிடி நம்மூர்க் கொல்லர் அடித்தது. ஆகவே பிடியைப் பார்த்து ஒரு கட்டாரியை மதிப்பிடுவது முட்டாள்தனம் இல்லை. ஊர் அடையாளம் பிடியில்தான் இருக்கிறது. சேகரிப்பாளர்களுக்கு இந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அதற்கு மேல் கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் பழைய வேட்டைக் கத்தி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கிளாட்ஸ்டோன் ஊரில் மார்பிள்ஸ் கம்பெனி செய்த பழைய 'ஐடியல்' கத்தியில் தோல் வளையம் கோத்த பிடி, மான்கொம்புப் பிடி என்று தேடுவார்கள். பக் கம்பெனிக் கத்தி என்றால் 1986க்குப் பிறகு அலகிலேயே வருடத்துக்கு ஒரு குறி இருக்கும். அங்கே விலைப்பட்டியல் உண்டு, விளம்பரம் உண்டு, எந்த வருடம் எந்தப் பிடி வந்தது என்று பார்க்க வழி உண்டு. ஒரு பிடி அபூர்வம் என்றால் கம்பெனி அதைக் குறைவாகச் செய்தது என்று அர்த்தம். அது ஒரு நேர்மையான கணக்கு.

கட்டாரிக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? யாளி வைத்த ஒரு குறிப்பிட்ட பிடி உலகத்தில் நான்குதான் தெரிய வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொல்லர் நான்குதான் அடித்தாரா? நானூறு அடித்து, முந்நூற்றுத் தொண்ணூற்றாறு தராசில் ஏறிவிட்டதா? யாராலும் சொல்ல முடியாது. எத்தனை செய்தார்கள் என்ற எண்ணிக்கை இல்லாமல் "அபூர்வம்" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் மிஞ்சுகிறது: உடைத்தவர்கள் விட்டுவைத்தது இவ்வளவு. ஏலக்காரர் அபூர்வத்துக்கு விலை சொல்லும்போது உண்மையில் அழிவுக்கு விலை சொல்கிறார். 1860களின் தராசு இன்னும் இறங்கவில்லை, எடைக்கல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அந்த ஆயுதசாலை எப்படிக் கைமாறியது என்பதையும் பார்க்க வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தோடு சேர்த்து அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். லண்டனில் பிரிவி கவுன்சில் 1859ல் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. இது ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் காட்டிய அதிகாரம், கோர்ட் தலையிட முடியாது என்றார்கள். எடுத்தது நியாயம் என்று சொல்லவில்லை, கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். தனிச்சொத்தை 1862ல் அரசு கருணை காட்டித் திருப்பிக் கொடுத்தது. ஆயுதங்களின் விதி மேலே சொன்னதுதான்.

இது தஞ்சையோடு தொடங்கியதும் இல்லை. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1ல் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்கத்திச் சீமையில் கோட்டைகளை இடிக்க வேண்டும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரண தண்டனை வரைக்கும் போகலாம். 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அமெரிக்கக் கத்தியின் உற்பத்தி நின்றது வியாபாரம் படுத்ததால். இந்தக் கத்தியின் உற்பத்தி நின்றதில் அரசாணைக்கும் பங்கு உண்டு. இரண்டையும் "இப்போது செய்யப்படாத பழைய மாடல்" என்று ஒரே வரியில் எழுதுவது வரலாறு இல்லை.

இப்போது செஞ்சிக்கு வருவோம்.

2025 ஜூலை 11ல் மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்று மட்டும் தமிழ்நாட்டில். அது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சேர்த்துக் கட்டிய மதில். கீழே கல்யாண மகால், தானியக் களஞ்சியம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி. மூச்சு வாங்க ராஜகிரி ஏறினால் உச்சியில் ஒரு பீரங்கி. ராணுவ நிலப்பரப்பு என்று பெயர் வாங்கிய இடத்தில், அந்த ராணுவத்துச் சிப்பாய் இடுப்பில் செருகியிருந்தது என்ன என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டால், கூட்டி வந்த வாத்தியார் எதைக் காட்டுவார்? பீரங்கியைத்தான் காட்டுவார். பீரங்கியை இடுப்பில் செருக முடியாது.

செஞ்சியில் ஆயுதத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் இருந்தார்கள். 1649ல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677ல் சத்ரபதி சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஏழெட்டு வருடம் முற்றுகை போட்டு 1698ல்தான் உள்ளே நுழைந்தார். 1714ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து தேசிங்கு ராஜா செத்தார். 1750ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761ல் ஆங்கிலேயர்கள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்குள் இத்தனை படைகள் இந்தக் கணவாயில் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு முறை கோட்டை கைமாறியபோதும் ஆயுதங்களும் கைமாறியிருக்கும். நாயக்கர் காலத்துக் கட்டாரி தஞ்சைக்குப் போயிருக்கலாம், ஆற்காட்டுக்குப் போயிருக்கலாம், யாரோ ஒரு சிப்பாயோடு மண்ணுக்குள் போயிருக்கலாம்.

அதனால்தான் "தஞ்சாவூர் கட்டாரி" என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலை. தஞ்சையிலிருந்து வந்ததற்குத் தாள் இருக்கிறது, ஆகவே மூடி வைத்த கட்டாரி என்றாலே தஞ்சை என்று எழுதிவிடுகிறார்கள். தஞ்சை ஆயுதசாலை என்பது சேர்த்து வைத்த இடம். அங்கே இருந்ததெல்லாம் அங்கேயே அடித்தது என்று எப்படிச் சொல்வது? செஞ்சியில் அடித்ததும் வேலூரில் அடித்ததும் அதில் இருக்கலாமே. பிடியின் சுழிவில் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்த சேகரிப்பாளர், அந்த வித்தியாசம் எந்த ஊருடையது என்ற கேள்விக்கு வந்ததும் "தென்னிந்தியா, 17ம் நூற்றாண்டு" என்று முடித்துக்கொள்கிறார். வகை பிரிப்பதன் பயனே அந்தக் கேள்விதான்!

கல்லுக்கு நடந்ததைப் பாருங்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. அதுவும் கொள்ளைதான். ஆனால் இன்றைக்கும் அங்கே யாரைக் கேட்டாலும் "செஞ்சித் தூண்" என்பார்கள். பொருள் போனாலும் ஊர்ப்பெயர் கூடவே போயிருக்கிறது. கட்டாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கை மாற மாற ஊர் உதிர்ந்துவிட்டது, பிடி மட்டும் மிச்சம்.

"சேகரிப்பாளர் மட்டும் இல்லையென்றால் இந்தப் பிடியும் காயலான் கடைக்குப் போயிருக்குமே?" நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் வேண்டும். ஜார்ஜ் கேமரான் ஸ்டோன் என்ற அமெரிக்கர் வாழ்நாள் முழுக்க ஆயுதம் சேர்த்தார். 1934ல் உலக ஆயுதங்களுக்கு ஒரு பெரிய அகராதி போட்டார். அவருடைய சேகரிப்பு 1935ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. சேர்த்தார், எழுதினார், எல்லாரும் பார்க்கும்படி விட்டுவிட்டுப் போனார். ராபர்ட் எல்குட் 2004ல் தென்னிந்திய ஆயுதங்கள் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுத முடிந்ததென்றால், சென்னையில் மிச்சம் இருந்தவையும் இப்படி வெளியே தெரிய வந்தவையும்தான் காரணம். இந்த ரகச் சேகரிப்பாளர்களுக்குக் கும்பிடு போடலாம்.

கும்பிடு போட முடியாதவர்கள் வேறு. பளபளப்புக்காகப் பழைய எஃகைத் தேய்த்து பாலிஷ் போடுபவர்கள். அலகு ஒடிந்த நல்ல பிடியில் வேறு அலகை ரிவிட் அடித்து "முழுசு" என்று விற்பவர்கள். நேற்று செய்ததைப் புளித்தண்ணியில் ஊறப்போட்டு நாயக்கர் காலம் என்பவர்கள். வாங்கிய பிறகு படம்கூட வெளியே விடாமல் பெட்டியில் பூட்டுபவர்கள். பிடி வேட்டையில் விலை ஏற ஏற இந்தக் கூட்டம்தான் கொழுக்கிறது. அபூர்வப் பிடிக்குப் பணம் என்றால் அபூர்வப் பிடி "கிடைத்துக்கொண்டே" இருக்கும், அதுதானே சந்தை :)

வெள்ளைக்காரனையும் வியாபாரியையும் திட்டிவிட்டு எழுந்து போவது சுலபம். நம் பக்கம் என்ன லட்சணம்? 2003ல் விஜய் மல்லையா லண்டன் ஏலத்தில் திப்புவின் வாளை வாங்கினார், நாடே கைதட்டியது. 2023ல் திப்புவின் இன்னொரு வாள் லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. 2024ல் சிவாஜியின் புலிநகம் என்று ஒன்று லண்டனிலிருந்து மூன்று வருடக் கடனாக சாத்தாராவுக்கு வந்தது. அது அவருடையதுதான் என்று உறுதி செய்ய முடியாது என்று கொடுத்த அருங்காட்சியகமே சொன்னது. 2025ல் ரகுஜி போன்ஸ்லேயின் வாளை மகாராஷ்டிர அரசு சுமார் 47 லட்சம் ரூபாய் கொடுத்து ஏலத்தில் மீட்டது. அதன் அலகே ஐரோப்பாவில் செய்தது!

மீட்டது நல்லதுதான். ஆனால் கவனித்துப் பார்த்தால் எல்லாமே ராஜா பெயர் ஒட்டிய பொருள். தேசிங்கு ராஜா கதையை இன்றும் சொல்கிறார்கள். குதிரையின் பெயர் பாராசாரி என்று தெரியும், நண்பன் மகமத்கான் தெரியும். அவருக்குப் பின்னால் ஓடிச் செத்த காலாட்படைக்காரன் கையில் இருந்த கத்தி எப்படி இருந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பெயரில்லாதவன் பொருளைப் பெயரில்லாத பொருளாகவே சந்தைக்கு விட்டுவிட்டு, சந்தை அதற்குப் பெயர் வைக்கவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தம் இல்லை.

செய்யக்கூடியது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. 1851ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றால் ஒரு பக்கம்தான் தெரியும். பிடியின் உள்பக்கம், ரிவிட், பட்டையின் பின்புறம் எதுவும் தெரியாது. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, நீளம், எடை, வந்த வருடம், எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு எல்லாரும் பார்க்கும்படி போட வேண்டும். வியாபாரியின் புளித்தண்ணிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அசல் கையில் இருக்குமே. அடுத்து, அதில் ஐந்தாறையாவது செஞ்சியில் ஓர் அறையில் வைக்க வேண்டும். லண்டனிலிருந்து சாத்தாராவுக்குக் கடனாக ஒரு பொருள் வர முடியும் என்றால், எழும்பூரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் ஊருக்கு வர முடியாதா? "செஞ்சியில் செய்தது" என்று பொய் எழுத வேண்டாம். "இந்தக் கோட்டையில் இருந்தவர்கள் இந்த மாதிரி ஆயுதம் வைத்திருந்தார்கள்" என்று எழுதினால் போதும்.

சேகரிப்பாளர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. யாரிடம் வாங்கியது, அவர் யாரிடம் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். தேய்க்காதீர்கள். அலகை மாற்றாதீர்கள். பூட்டி வைப்பதற்கு முன்னால் படத்தையாவது வெளியே விடுங்கள். நூறு வருடம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ம் வருடத்துச் சட்டம் இடம் கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆயுத பூஜை அன்று செஞ்சியைச் சுற்றியுள்ள கிராம வீடுகளில் அருவாளையும் கொடுவாளையும் கழுவி, பொட்டு வைத்துப் படைப்பார்கள். பலதுக்குப் பிடி மூன்றாவது நான்காவது முறை மாற்றியதாக இருக்கும். முதல் பிடி தாத்தா காலத்தில் உளுத்துப் போயிருக்கும், அடுத்தது அப்பா போட்டது. சேகரிப்பாளர் பார்த்தால் "அசல் பிடி இல்லை" என்று கீழே வைத்துவிடுவார். அந்த வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு பிடியும் யார் செதுக்கியது, எந்த மரம், எந்த வருடம் என்று தெரியும். கட்டாரி இழந்தது அந்த ஒரு விவரத்தைத்தான். அது எந்த ஏலத்திலும் வராது. இருப்பவர்களிடம் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் இன்னும் நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த அருவாளையும் "தென்னிந்தியா, 20ம் நூற்றாண்டு, அபூர்வப் பிடி" என்று சீட்டு ஒட்டி விற்றுக்கொண்டிருப்பார்.